முயல் சாப்பாட்டைக் குறைத்து மூலையில் ஒதுங்கினால்: முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே எங்கள் முயல் பஞ்சு ஓடி வந்து காலைச் சுற்றும். ஒரு மே மாதக் காலையில் அது வரவில்லை. கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. கீரையை மூக்கருகே வைத்தேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "வெயில் ஜாஸ்தி, அதான் சோர்வு" என்று வீட்டில் பேசிக்கொண்டோம். நாய் ஒரு வேளை சாப்பிடாமல் படுத்திருந்துவிட்டு மறுநாள் தானாக எழுந்து வருவதைப் பார்த்துப் பழகிய வீடு எங்களுடையது. மாலை வரை பார்க்கலாம் என்றோம். மாலையில், விடியட்டும் என்றோம். விடிந்தபோது அதன் காதுகள் சில்லிட்டிருந்தன. ஆஸ்பத்திரி திறக்கும் வரை அது தாங்கவில்லை.

அதற்குப் பிறகு வளர்த்த இரண்டு முயல்களுக்கும் சேர்த்து மூன்று தடவை இதே நிலை வந்தது. மூன்று தடவையும் பிழைத்தன, ஏனென்றால் அன்றைக்கே கண்டுபிடித்தோம், அன்றைக்கே போனோம். எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது, கையில் இருக்கிற சில மணி நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு அவசரம்

முயலின் குடல் நிற்காமல் ஓட வேண்டியது. மென்று விழுங்கிய புல்லின் நார்தான் குடலை அசைய வைக்கிறது. குருட்டுக்குடல் என்கிற பெரிய பையில் நுண்ணுயிர்கள் அதை நொதிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. சாப்பாடு உள்ளே போவது நின்றால் குடலின் அசைவு தளர்கிறது. உள்ளே இருப்பது காய்ந்து இறுகுகிறது, வாயு சேர்கிறது, வலி எடுக்கிறது. வலி எடுத்தால் முயல் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. கொஞ்சம் குண்டான முயலாக இருந்தால், பட்டினி நீளும்போது கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

அதனால் முயல் வளர்ப்பவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டிய கணக்கு இது: 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடவில்லை, அல்லது அவ்வளவு நேரம் புழுக்கை போடவில்லை என்றால் அது அவசர சிகிச்சைக்கு உரிய நிலை. ஞாயிற்றுக்கிழமை என்றோ தீபாவளி என்றோ தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று. முயல் பெரும்பாலும் வலியில் கத்தாது, முனகாது. பிற விலங்குகளுக்கு இரையாகிற பிராணி என்பதால் நோவை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. "ஒண்ணும் சத்தம் போடலையே" என்பதை வைத்து வலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒளிகிறதா, தூங்குகிறதா?

புதிதாக வளர்ப்பவர்கள் எதிர்ப்பக்கமாகவும் பயப்படுவதுண்டு. பகல் முழுக்க மேஜைக்கு அடியில் கிடக்கிறதே, உடம்பு சரியில்லையோ என்று கேட்பார்கள். முயல் அதிகாலையிலும் அந்தி சாயும்போதும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை ஒதுக்குப்புறமாகப் படுத்துக் கிடப்பது வழக்கம்தான்.

நம் ஊர்க் காட்டிலும் கரட்டிலும் ஓடுகிற முயல் வளை தோண்டாது. புல்லுக்குள் பள்ளம் பறித்தாற்போல் பதுங்கிக்கொள்ளும். நாம் வீட்டில் வளர்ப்பது ஐரோப்பாவிலிருந்து வந்த வேறு இனம், மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. இரண்டையும் தமிழில் முயல் என்றே சொல்கிறோம், அதில்தான் குழப்பம். இருட்டான, கூரை போட்டாற்போன்ற இடத்தை வீட்டு முயல் தேடுவது அதன் பிறவிக் குணம்.

ஆகவே ஒளிவதை மட்டும் பார்க்காதீர்கள், என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். தினமும் வருகிற நேரத்தில் வரவில்லையா? வழக்கமாகப் படுக்கிற இடத்தை விட்டுவிட்டுப் புது மூலைக்குப் போய்விட்டதா? காலை நீட்டிச் சாய்ந்து படுக்கிற முயல் இன்று உடம்பைக் குறுக்கி, முதுகைக் கூனி உட்கார்ந்திருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அடுத்து சொல்வதைச் செய்யுங்கள்.

முதல் பத்து நிமிடம்

அதற்கு உயிருக்கு உயிராகப் பிடித்த பொருள் ஒன்று இருக்கும். வாழைப்பழத் துண்டோ, புதினாவோ, ஆப்பிள் தோலோ. சுண்டுவிரல் நுனி அளவுக்கு எடுத்து மூக்கருகே நீட்டுங்கள். பெல்லட்டை, அதாவது கடையில் விற்கிற குச்சித் தீனியை, மறுத்து இதை மட்டும் தின்றால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. இதையும் மறுத்தால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புழுக்கை. என்னைக் கேட்டால், முயல் வளர்ப்பில் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் புழுக்கையைப் படிப்பதுதான். நன்றாக இருக்கிற முயல் ஒரு நாளில் இருநூறு, முந்நூறு புழுக்கைகூடப் போடும். ஏறக்குறைய சுண்டைக்காய் அளவு, ஒரே சீரான உருண்டை. விரலால் நசுக்கினால் உதிரும், உள்ளே புல் நார் தெரியும். சாப்பாடு குறைய ஆரம்பித்ததும் அது மிளகு அளவுக்குச் சிறுத்து, கறுத்து, கெட்டியாகும். சில சமயம் முடியில் கோத்த மணி மாதிரி ஒன்றோடொன்று தொங்கும். முயல் தன் உடம்பை நக்கும்போது உள்ளே போன முடி அது, உரோமம் உதிரும் காலத்தில் இப்படிக் கொஞ்சம் வருவது சகஜம். ஆனால் புழுக்கை சிறுத்தும் எண்ணிக்கை குறைந்தும் இருந்தால் குடல் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். வழவழப்பான சளி ஒட்டியிருந்தாலும் நல்லதல்ல.

மணத்தக்காளிக் கொத்து போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு ஒன்று கிடந்தால் அது பேதி இல்லை. குருட்டுக்குடலில் சத்தேறி வெளிவருகிற இரண்டாவது வகை. முயல் அதை வருகிறபோதே குனிந்து வாயால் எடுத்துத் தின்றுவிடும், அது அதற்கு அவசியமான உணவு. தரையில் நிறையக் கிடக்கிறது என்றால், ஒன்று மாவுச்சத்து அதிகமாகப் போகிறது, அல்லது உடம்பை வளைத்து எடுக்க முடியாத அளவுக்கு முதுகோ பல்லோ வலிக்கிறது, இல்லை உடம்பு பருத்துவிட்டது. நிஜமான பேதி, அதாவது தண்ணீராகப் போவது, குட்டி முயலுக்கு உயிராபத்து. உடனே கிளம்புங்கள்.

கூண்டைக் கூட்டிப் பெருக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள். இரண்டு முயல் சேர்ந்து இருந்தால் யாருடையது என்று தெரியாது. சந்தேகம் வந்தவுடன் நடுவே கம்பித் தடுப்பு போட்டு, இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். அடியில் பழைய வெள்ளைத் துணி விரித்தால் புழுக்கையும் சிறுநீரும் தெளிவாகத் தெரியும்.

பிறகு தொட்டுப் பாருங்கள். காதின் அடிப்பகுதி இளஞ்சூடாக இருக்க வேண்டும். முயலின் இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 104 பாரன்ஹீட் வரை, நம்முடையதைவிடக் கூடுதல். நமக்கே சில்லென்று பட்டால் நிலைமை கைமீறுகிறது. வயிறு பிசைந்த சப்பாத்தி மாவு மாதிரி மெதுவாக இருக்க வேண்டும். ஊதிய பலூன் மாதிரி விறைத்திருந்தால் அழுத்தாதீர்கள். பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் வலியின் அடையாளம். தடவிக் கொடுக்கும்போது மெல்ல வருகிற நறுக் நறுக் ஓசை வேறு, அது சுகத்தில் செய்வது. தாடை ஈரமாக இருந்தால் பல்லில் கோளாறு. பின்பக்கத்தையும் பாருங்கள். மழைக்காலத்தில் அங்கே அழுக்கும் ஈரமும் இருந்தால் ஈ முட்டை வைத்து, ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

இதற்காக முயலை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். மல்லாந்ததும் அசையாமல் கிடப்பது சொக்கிப் போவதால் அல்ல, பயத்தில் உறைந்துபோவதால்.

எப்போது ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது

விறைத்த வயிறு, சில்லிட்ட காது, துவண்டு படுப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துபோவது, சிறுநீர் வராமல் முக்குவது, உடம்பில் புழு. இவற்றில் எது இருந்தாலும் பத்து மணி நேரக் கணக்கெல்லாம் கிடையாது. கீழே சொல்லும் வீட்டு வேலைகளையும் வண்டியில் போகிற வழியில்தான் செய்ய வேண்டும்.

கிளம்பும் வரை வீட்டில்

காது குளிர்ந்திருந்தால், மே மாதமாகவே இருந்தாலும், மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றி, பக்கத்தில் வையுங்கள். சூடு பிடிக்கவில்லை என்றால் அது விலகிப் போக இடம் இருக்க வேண்டும்.

காது கொதித்து, மூக்கு படபடவென்று அடித்து, மோவாய் நனைந்திருந்தால் அது வெப்பத் தாக்கு. முயலுக்கு வியர்க்காது. பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றுகிறது, 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலே அதற்குத் திணறல்தான். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக் கூண்டிலோ தகரக் கூரைக்குக் கீழோ முயலை வைப்பது கொடுமை, வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. சாதாரணத் தண்ணீரில் துணியை நனைத்துக் காதைத் துடைத்துக்கொண்டே இருங்கள், வெறும் டைல்ஸ் தரையில் விடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கி எடுக்கக் கூடாது, அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வையுங்கள். குழாய் பாட்டிலைவிடக் கிண்ணத்தில் அதிகம் குடிக்கும். "முயலுக்குத் தண்ணி வைக்காதீங்க, செத்துடும்" என்று எனக்கு முயல் விற்ற கடைக்காரர் சொன்னார். பலருக்கும் இப்படித்தான் சொல்லி விற்கிறார்கள். முற்றிலும் தவறு. கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 150 மில்லி வரை முயல் குடிக்கும். கீரையைக் கழுவி, உதறாமல், ஈரத்தோடு கொடுத்தாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும்.

அறைக்குள் தானாகத் தத்தி நடக்க முடிந்தால் நடக்க விடுங்கள், குடலுக்கு நல்லது. துரத்தி ஓட வைக்காதீர்கள்.

இனி, கொடுக்கக் கூடாதவை. இந்தப் பகுதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரை வேண்டாம். மிச்சமிருக்கிற ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை வாய்வழியாகப் போனால் குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சுக் கிருமியைப் பெருக விட்டு, முயலைக் கொன்றுவிடும். நாய், பூனைக்குத் தெளிக்கிற ஃபிப்ரோனில் உண்ணி மருந்தும் முயலுக்கு ஆகாது. வாயுவுக்குக் குழந்தைகளின் சொட்டு மருந்தைக் கொடுக்கச் சொல்வார்கள். அதில் சிமெதிகோன் மட்டும் என்றால் ஆபத்து குறைவு. ஆனால் நம் மருந்துக் கடைகளில் கிடைக்கிற சிலவற்றில் டைசைக்ளோமின் கலந்திருக்கும். அது குடலின் அசைவையே அடக்குகிற மருந்து, தளர்ந்த குடலுக்கு விஷம் போன்றது. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல், மருத்துவரைக் கேட்காமல் எதையும் ஊற்ற வேண்டாம். ஓமத் தண்ணீர், விளக்கெண்ணெய், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

மருத்துவரிடம்

முயலைப் பார்த்துப் பழகிய மருத்துவரை முயல் நன்றாக இருக்கும்போதே தேடி வைத்துக்கொள்ள வேண்டும். எல்லா நாய், பூனை கிளினிக்கிலும் முயல் பார்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டில், 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் இயங்குகின்றன. உங்களுக்கு அருகில் இருப்பது எது, இரவில் யார் பார்ப்பார்கள் என்று இன்றே விசாரித்து எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பூனை எடுத்துப் போகிற கூடை சிறந்தது. இல்லாவிட்டால் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி, அடியில் வழுக்காத துண்டு, அது கூண்டில் படுத்திருந்த துணி, ஒரு கைப்பிடிப் புல். டூ வீலரில் போனால் பெட்டியைப் பின்னால் கட்டாமல் ஒருவர் மடியில் வைத்துப் பிடிக்கட்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டது, கடைசிப் புழுக்கை எப்போது, என்ன உணவு, ஆணா பெண்ணா, என்ன கொடுத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மறந்துவிடும். புழுக்கையைக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

அங்கே பெரும்பாலும் வலி நிவாரண ஊசி, தோலுக்கு அடியில் வெதுவெதுப்பான திரவம், தேவைப்பட்டால் எக்ஸ்ரே என்று போகும். "அடைப்பா, வெறும் தளர்ச்சியா?" என்று கட்டாயம் கேளுங்கள். மருந்து எழுதினால் "இது முயலுக்குக் கொடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். மயக்கம் கொடுப்பதற்கு முன் முந்தைய இரவே பட்டினி போடச் சொன்னால், முயலுக்கும் அப்படியா என்று மறுபடி கேட்டு உறுதிசெய்யுங்கள். வாந்தி எடுக்காத பிராணி என்பதால் நாய்க்குச் சொல்கிற நீண்ட பட்டினி இதற்குப் பொருந்தாது, கெடுதலும்கூட.

சிரிஞ்சில் ஊட்டுவது

அடைப்பு இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் இது. அடைப்பு இருக்கும்போது ஊட்டினால் வயிறு வெடிக்கிற அளவுக்குப் போய்விடும்.

நோயுற்ற முயலுக்கென்றே விற்கிற மாவு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வழக்கமான பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்து, மிக்ஸியில் நைசாக அரைத்து, இட்லி மாவைவிடத் தளர்வாகக் கரைத்து, வெதுவெதுப்பாக எடுங்கள். முயலைத் துண்டில் பொதிந்து, தலை மட்டும் வெளியே இருக்க, மேஜையில் நான்கு காலும் ஊன்றியபடி வையுங்கள். ஊசி கழற்றிய சிரிஞ்சை வாயின் பக்கவாட்டில், முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் நுழைத்து, அரை மில்லி, ஒரு மில்லி என்று விடுங்கள். மென்று விழுங்கிய பிறகு அடுத்தது. நேர் எதிரே இருந்து பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 மில்லி போல, நாளில் நான்கைந்து வேளை என்பது பொதுவான அளவு. உங்கள் முயலுக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். முதல் தடவை பாதி உங்கள் சட்டையில்தான் இருக்கும், பரவாயில்லை. பொறுமையாகத் தொடருங்கள்.

எதனால் வந்தது

குடல் தளர்வது பெரும்பாலும் விளைவுதான், அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காவிட்டால் திரும்ப வரும்.

பல் முதல் சந்தேகம். முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்பவை, முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளரும். புல்லை அரைத்துத் தேயாவிட்டால் கடைவாய்ப் பல்லில் கூர் விழுந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். ஆசையாக வந்து எடுத்துவிட்டுக் கீழே போடுகிற முயல், மெதுவான பழத்தைத் தின்றுவிட்டுப் புல்லை மட்டும் ஒதுக்குகிற முயல் என்றால் பல்லைக் காட்டுங்கள். முன்பல் ஒழுங்காக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், பின்னால் இருப்பதை வீட்டில் பார்க்க முடியாது.

பயமும் சாப்பாட்டை நிறுத்தும். பட்டாசு, புதிதாக வந்த நாய்க்குட்டி, வீடு மாறியது, கூட இருந்த முயல் இறந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே உள்ளறையில், கனமான திரைக்குப் பின்னால், இருபக்கமும் வழி உள்ள அட்டைப் பெட்டியோடு இடம் ஒதுக்கிவிடுங்கள்.

பெண் முயல் வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு போய், மார்பு முடியைப் பிடுங்கிக் கூடு கட்டுகிறது என்றால் சினையாகவோ பொய்ச் சினையாகவோ இருக்கலாம். குட்டி போட 30, 31 நாள்தான் ஆகும், கடைக்காரர் "ரெண்டும் பொண்ணுதான்" என்று சொன்னதை நம்ப வேண்டாம். கருத்தடை செய்யாத பெண் முயலுக்கு மூன்று, நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்று அதிகம் வரும், அதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சொறி, தும்மல், குதிகால் புண் ஆகியவையும் காரணமாகலாம்.

ஆனால் நான் பார்த்த பல முயல்களுக்குக் காரணம் தட்டில்தான் இருந்தது. பிரெட், பிஸ்கட், சோறு, தினமும் கேரட், தினமும் முட்டைக்கோஸ். முயலின் சாப்பாட்டில் பெரும்பங்கு, ஐந்தில் நான்கு பங்கு, புல்லாக இருக்க வேண்டும். இறக்குமதியாகிற டிமோத்தி உலர்புல் விலை அதிகம். முடியாதவர்கள் மருந்து அடிக்காத இடத்து அருகம்புல், கினியாப் புல், கொழுக்கட்டைப் புல் கொடுக்கலாம், நிழலில் உலர்த்தியும் சேமிக்கலாம். வைக்கோல் விரிக்கத்தான் ஆகும், சத்து போதாது. குதிரைமசாலும் முருங்கைக் கீரையும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தவை, வளர்ந்த முயலுக்கு எப்போதாவது கொஞ்சம் போதும். கொத்தமல்லி, புதினா, மல்பெரி இலை தினமும் ஒரு கைப்பிடி தரலாம். பெல்லட் கிலோ எடைக்கு 25 கிராமைத் தாண்ட வேண்டாம். எந்தப் புது உணவையும் ஒரு வாரம் எடுத்து மெல்ல மாற்றுங்கள்.

தேறும்போது

முதலில் வருகிற புழுக்கை சிறுத்து, கோணலாக, சளியோடு இருக்கும். பயப்படாதீர்கள், குடல் அசைகிறது. தானாகப் புல் தின்ன ஆரம்பித்தாலும் மருத்துவர் சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்த வேண்டாம். வலி மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாளே பழைய நிலைக்குப் போன அனுபவம் எனக்கு உண்டு.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறியுங்கள். இரண்டு கிலோ முயல் 200 கிராம் இழந்திருந்தால் அது பத்தில் ஒரு பங்கு, மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒளிந்திருக்கிற இடத்திலிருந்து இழுத்து எடுக்காதீர்கள். புல்லையும் தண்ணீரையும் அங்கேயே பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள். எங்கள் இரண்டாவது முயல் மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, என் கால் கட்டைவிரலை மூக்கால் இடித்துவிட்டு, புல் கூடையை நோக்கிப் போனது. மறுநாள் காலை துணியில் எண்ணிப் பார்த்தேன், சுண்டைக்காய் அளவில் நாற்பத்தாறு.